பாட்டிலுக்கு ஒரு மூடி

அத்தியாயம் 14

அன்னக்கூடையில் வாந்தி கிடந்தது.

சோறு வடிக்கிற அன்னக்கூடை. வானதியின் கல்யாணச் சீரோடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கொல்லைக் கதவைத் திறந்தவள், துவைகல்லுக்குப் பக்கத்தில் அதில் ஈ மொய்ப்பதைப் பார்த்தாள். செரிக்காத ஆட்டுக்கறி, மொச்சைச் சுண்டல், அதற்கு மேல் மஞ்சளாக நுரை. அழுகின பலாச்சுளையைப் போல ஒரு நாற்றம்.

முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். யார் எடுத்த வாந்தி என்று விசாரிக்க வேண்டியதில்லை. கூடத்தில் பாயில் குப்புறக் கிடந்த பாரிவேளின் கன்னத்தில் அதே மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. பதினேழு வயது. ப்ளஸ் டூ. பாலில் ஆடை மிதந்தால் குமட்டுகிறது என்று நேற்றுக் காலைகூட வடிகட்டி வாங்கிக் குடித்த பிள்ளை.

ராத்திரி கோயில் பாத்திரங்களைத் தேய்த்துவிட்டு வந்து அப்படியே படுத்தவள் அவள். ஊரே நாறிய நாளில் தன் வீட்டு நாற்றம் அவளுக்குத் தனியாகத் தெரியவில்லை.

அவள் கணவன் இளஞ்செழியன் சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்ததும், வந்த வேகத்தில் வீட்டுக்குச் சட்டம் போட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். வயல்காட்டு மோட்டார் கொட்டகையில் கூட்டாளிகளோடு பீர் குடித்துப் பிடிபட்டான் பாரிவேள். விளக்குமாற்றை ஓங்கிய வானதியின் கையைப் பிடித்து நிறுத்தினார் இளஞ்செழியன்.

"அடிச்சா ஒளிஞ்சு குடிப்பான். நம்ம வீட்டுலயே, என் கண்ணு முன்னாடி பழகட்டும். வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான் வளக்குறாங்க."

"நீங்க அங்க இருந்தது டார்மிட்டரி. எந்தக் குடும்பத்துல போய் இதப் பாத்தீங்க?" என்று கேட்டாள் வானதி. பதிலுக்குச் சட்டம்தான் வந்தது. வெளியே தொடக்கூடாது. வீட்டில், அப்பாவுக்கு முன்னால் மட்டும். அதுவும் நாள் கிழமை என்றால் ஒரே ஒரு மூடி.

குடிக்காதே என்று ஒரு சொல்லில் முடிகிற காரியத்துக்கு இத்தனை உட்பிரிவு. மனிதர் ஊரில் இல்லாத வருஷமெல்லாம் குறுவைக்கு நாற்று விட்டவள் அவள், சம்பாவுக்கு ஆள் பிடித்தவள் அவள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் திருத்துறைப்பூண்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவளும் அவள். பணம் அனுப்பியவருக்கு மட்டும் சட்டம் போடுகிற அதிகாரம்.

அந்தச் சட்டத்துக்கு முதல் சோதனை நேற்று வந்தது. ஆற்றங்கரை வீரனுக்கு ஆடிப் படையல்.

வீரன் கிடாய் கேட்பார், சுருட்டு கேட்பார், பாட்டிலும் கேட்பார். பங்காளிகளில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு பாட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். படையல் முடிந்ததும் பூசாரி வீரையன் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து, வரிசையில் நிற்கிற ஆண்பிள்ளைகளுக்கு அந்தந்த மூடியாலேயே ஒரு மூடி ஊற்றுவார். ஒரு வீட்டு மூடியை வாங்கிவிட்டு இன்னொரு வீட்டு மூடியை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. "என் பாட்டில் மட்டும் கசக்குதோ?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் கல்யாணம் காதுகுத்துக்குக்கூட வாசல் மிதிக்காத பங்காளிகள் அந்த ஊரில் உண்டு.

பங்காளி வீடுகள் ஒரு டஜனுக்குக் குறையாது. மூடியும் ஒரு டஜனுக்குக் குறையவில்லை.

அந்தக் கோயில் வாசலிலேயே வளர்ந்த இளஞ்செழியனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் சட்டம் போடுகிற ஜோரில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. பிள்ளை வரிசையில் நின்று மூடி மூடியாக விழுங்கியபோது ஞாபகம் வந்தது. அப்போது தடுத்தால் பங்காளிகள் முன்னால் மரியாதை போய்விடுமே!

காலையில் அவர் கூடத்தில் சம்மணம் போட்டு, நேற்றைய கறிக்குழம்பைச் சூடுபண்ணி இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். எலும்பை உறிஞ்சுகிற சத்தம் கொல்லை வரைக்கும் கேட்டது.

"என்னங்க, எத்தனை மூடி?" என்று வந்து நின்றாள் வானதி.

"கோயில்ல குடுத்தது கணக்குல வராது வானதி. அது தீர்த்தம்."

"அப்ப அன்னக்கூடையில கிடக்கறதும் தீர்த்தமா?"

அவர் சிரித்தார். எலும்பைத் தட்டில் தட்டிவிட்டு, "மொத தடவ அப்படித்தான் வரும். ஒடம்பு பழகிடும்" என்றார்.

உடம்பு பழகிடும்! பெற்ற மகனைப் பற்றித் தகப்பன் சொல்கிற வார்த்தை. அந்தத் தட்டை அப்படியே தூக்கி வாசலில் எறியலாமா என்றிருந்தது அவளுக்கு. அவர் மோவாயில் குழம்பு வழிந்தது. எத்தனை வருஷம் இந்த முகத்தை போனில் பார்த்து அழுதிருக்கிறோம் என்று நினைத்தபோது அருவருப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் செல்போனில் பங்காளிகள் வாட்ஸப் குரூப்பில் ஒரு வீடியோ வந்து விழுந்தது.

அவர்கள் வீட்டுக் கூடம்தான். டி.வி. ஸ்டாண்டின் மேல் சிங்கப்பூர் பாட்டில். "என் புள்ள, என் வீட்டுல, என் கையால!" என்று இளஞ்செழியனின் குரல். கோயிலில் விழுங்கியது போதாதென்று, வீட்டு மூடி என்று ஒன்று. பாரிவேள் கண்ணை இறுக்கிக்கொண்டு குடித்தான். சுற்றிலும் கைதட்டல். வீடியோவுக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். 'புலிக்குப் பிறந்தது பூனையாகுமா' என்று ஒரு பெரியப்பா எழுதியிருந்தார்.

வீடியோ எடுத்த செல்போன் அப்படியே திரும்பியது. சுவரோரம் இன்னொரு பிள்ளை நின்றிருந்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ஒரு கை அவன் கையைப் பிடித்து இழுத்து அரை கிளாஸைத் திணித்தது.

"கோயில்ல உனக்குக் குடுக்கலன்னு வருத்தமாடா? எனக்கு அந்தப் பேதமெல்லாம் கெடயாது. நீயும் என் புள்ள மாதிரிதான். புடி!"

தமிழ்மாறன்.

பாரிவேளின் வகுப்புத் தோழன். சேர்ந்து படிக்க நேற்று வந்து, மாடியில் தங்கியிருக்கிறவன்.

தமிழ்மாறனின் அம்மா செந்தாமரை அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். இன்றைக்குப் பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அவள் கணவன் வளவன் குடித்துக் குடித்தே போனான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வயிறு பானையாக வீங்கி அவன் கிடந்த கடைசி வாரத்தில், செந்தாமரைக்குக் காபி வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வானதி. அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரே சட்டம்தான். அந்த நாற்றம் வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

"அந்தப் புள்ளைக்கு ஏங்க ஊத்துனீங்க?" வானதியின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "அது யாரு புள்ளன்னு தெரியாதா உங்களுக்கு? அவங்க அப்பா எப்படிச் செத்தாருன்னு தெரியாதா?"

"அதனாலதான் ஊத்துனேன். பயம் தெளியட்டும்னு. அந்தப் பூசாரி, பங்காளி இல்லன்னு அவனத் தாண்டிப் போயிட்டான். மொகம் சுண்டிப் போச்சு பையனுக்கு. நான்தான் கூப்பிட்டுச் சமமா நடத்துனேன்."

சமமாம்! மகனுக்கு மூடி, அடுத்தவள் பெற்ற பிள்ளைக்கு அரை கிளாஸ்.

வானதி மாடிக்கு ஓடினாள். தமிழ்மாறன் தன் சட்டையைத் தானே துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, பனியனோடு தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் செவசெவ என்றிருந்தன.

"ஆன்ட்டி, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

பையன் கீழே குறுவைப் பயிரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல, சொல்லிடுங்க ஆன்ட்டி. என்னால சொல்ல முடியாது."

அவனுக்கு மோர் கரைத்துக்கொண்டு வருகிறேன் என்று அவள் படியிறங்கும்போதே வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்த இளஞ்செழியன், "அய்யய்யோ, டீச்சர்" என்றார்.

அடுத்த நிமிஷம் அந்த வீட்டில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாட்டில் கட்டிலுக்கடியில் போனது. பாரிவேளை எழுப்பிக் குழாயடிக்கு விரட்டினார். தூபக்காலில் ஒரு கைப்பிடி சாம்பிராணியைப் போட்டு கூடமெல்லாம் காட்டினார். திருடனுக்குக்கூட இத்தனை சுறுசுறுப்பு வராது.

"வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும். யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார், வானதியைப் பார்த்து.

செந்தாமரை ஒரு துணிப்பையோடு உள்ளே வந்தாள். "என்னண்ணே, நல்லா இருக்கீங்களா? என்னடி, காலங்காத்தால சாம்பிராணி கமகமன்னு இருக்கு!"

"வாங்க டீச்சர், வாங்க. உக்காருங்க" என்றார் இளஞ்செழியன். வாயெல்லாம் பல்.

"நாவப்பழம் கொண்டாந்தேன்டி. பசங்க கண்ணு முழிச்சுப் படிக்கிறாங்கல்ல, திங்கட்டும்." செந்தாமரை பையை வானதியிடம் நீட்டினாள். "நேத்து எங்க தெருவுலயும் ஒரே அமர்க்களம். பொடிப்பசங்க கையில எல்லாம் கிளாஸு. நல்லவேள இவன உன் வீட்டுக்கு அனுப்பிட்டோம்னு நெனச்சுக்கிட்டே படுத்தேன். நிம்மதியாத் தூங்குனேன்."

வானதி பையை வாங்கிக்கொண்டாள். சொன்னால் பத்து வயதிலிருந்து வந்த சிநேகிதம் போகும். சொல்லாவிட்டால் அது இருக்கும், ஆனால் உள்ளே புழு வைத்த கத்தரிக்காயாக இருக்கும்.

அதற்குள் பாரிவேள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். தலையைப் படிய வாரியிருந்தான்.

"தமிழ் மாடியில படிச்சிட்டிருக்கான் ஆன்ட்டி. நைட்டு பிசிக்ஸ்ல ரெண்டு சேப்டர் முடிச்சிட்டோம். தூக்கம் இல்லாததால அவனுக்கு லேசாத் தலவலி. வேற ஒண்ணுமில்ல."

தடுமாற்றமே இல்லை. கண்ணைப் பார்த்துச் சொன்னான். சொல்லிவிட்டு, தகப்பனைப் போலவே ஒரு பக்கமாக உதட்டைச் சுழித்துச் சிரித்தான். பின்னால் நின்ற இளஞ்செழியன், சபாஷ் என்கிற மாதிரி மெல்லத் தலையை ஆட்டினார்.

காலையில் அன்னக்கூடையைப் பார்த்தபோது வந்த குமட்டல் எல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது வானதிக்கு. வாந்தி என்றால் ஒரு குடம் தண்ணீரில் கழுவிவிடலாம். இவன் வாயிலிருந்து இப்போது வந்ததை எதைக்கொண்டு கழுவுவது? மூடியால் அளந்து மகனுக்குத் தகப்பன் ஊற்றியது சாராயத்தை மட்டுமல்ல.

"பொய் சொல்றான், தாமர" என்றாள்.

"வானதி!" என்றார் இளஞ்செழியன்.

"நேத்து ரெண்டு பேரும் குடிச்சாங்க. இந்த வீட்டுல, இந்தக் கூடத்துல. ஊத்துனது இவரு. உன் புள்ள வேணாம்னுதான் சொன்னான். கையில திணிச்சாரு. நான் கோயில்ல பாத்திரம் தேச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கே இப்பதான் தெரியும்."

செந்தாமரை தூபக்காலைப் பார்த்தாள். பிறகு மாடிப்படியைப் பார்த்து, "தமிழு, கீழ வா" என்றாள்.

பையன் ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தான்.

"ஊது."

வளவன் இருந்த காலத்தில் வாசற்படியில் நின்று அவள் தினமும் சொன்ன சொல் அது. சின்னப் பையனாக அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டவன்தான் தமிழ்மாறன். இப்போது அவள் அவன் முகத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு உயரம் வளர்ந்துவிட்டான்.

அவன் ஊதினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன்டா?"

"பூசாரி வரிசையா ஊத்திக்கிட்டு வந்தாரும்மா. என்கிட்ட வந்ததும் தாண்டிப் போயிட்டாரு. எல்லாரும் பாத்தாங்க. எனக்கு அது ஒண்ணும் வேணும்னு இல்லம்மா. ஆனா ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் அங்கிள் கூப்பிட்டுக் குடுத்தப்ப..." ஈரச் சட்டையின் நுனியை முறுக்கினான். "வேணாம்னு கடைசி வரைக்கும் சொல்ல முடியல."

இளஞ்செழியனுக்குப் பிடி கிடைத்துவிட்டது. "அதத்தான் டீச்சர் நானும் சொல்றேன். ஊர்ல எவனும் செய்ய மாட்டான். நான் வித்தியாசம் பாக்கல. என் புள்ளைக்கு எந்தப் பாட்டிலோ அதே பாட்டில்தான் உங்க புள்ளைக்கும். ஃபாரின் சரக்கு. ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாது."

செந்தாமரை அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க மாமனாரு காலத்துல, நடவு முடிஞ்சா இதே வீட்டுக் கொல்லையில வரிசையா நிக்க வச்சுக் கொட்டாங்கச்சியில ஊத்துவாங்களாம், சார். பாதிக் கூலி அதுலயே போயிடும். அவரும் அதுலதான் போனாரு. அவரு மகனும் அதுலதான் போனாரு. பேரன் புஸ்தகத்தத் தூக்கிட்டான், தப்பிச்சிட்டான்னு நெனச்சேன். கொல்லையில ஊத்துனத நீங்க கூடத்துக்குக் கூப்பிட்டு ஊத்தியிருக்கீங்க. அவ்ளோதான் சார் வித்தியாசம்."

உள்ளே வரும்போது அண்ணன் என்றவள், இப்போது சார் என்றாள். இளஞ்செழியனுக்கு அது காதில் விழுந்ததோ இல்லையோ, வானதிக்குச் சுருக்கென்று தைத்தது.

"இனிமே இவன் இங்க வரமாட்டான், வானதி" என்று மட்டும் அவளிடம் சொன்னாள் செந்தாமரை. மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலிறங்கிப் போனாள். வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் தமிழ்மாறன் திரும்பிப் பார்க்கவில்லை.

நாவற்பழப் பை வானதியின் கையிலேயே இருந்தது.

"பாத்தியா ரோஷத்த!" என்று ஆரம்பித்தார் இளஞ்செழியன். "கூடத்துல உக்கார வச்சு, சொந்தப் புள்ள மாதிரி நடத்துனதுக்குக் கெடச்ச மரியாத. இதுக்குத்தான் யாரையும் எங்க வைக்கணுமோ அங்க வைக்கணும்னு பெரியவங்க சொன்னாங்க." சற்று முன்னால் வித்தியாசம் பார்க்காதவர் இவர்தான். பிறகு மகன் முதுகில் தட்டினார். "நீ நல்லாத்தான்டா சமாளிச்ச. உங்கம்மாதான் போட்டு ஒடச்சிட்டா."

பாரிவேள் சிரித்தான். சின்னச் சிரிப்பு. பாராட்டு கிடைத்த பிள்ளையின் சிரிப்பு.

வானதி பையைக் கீழே வைத்தாள். ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"பாரி, சட்டையப் போடு. கெளம்பு."

"எங்கம்மா?"

"தாமர வீட்டுக்கு. அவ மொகத்தப் பாத்துச் சொன்ன பொய்ய, அவ மொகத்தப் பாத்தே எடுக்கணும் நீ. தமிழ்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும். அவன் வேணாம்னு தல ஆட்டுனப்ப நீ அங்கதானே நின்ன?"

பாரிவேளின் சிரிப்பு போய்விட்டது.

"அவ வீட்டு வாசல்ல போயி என் புள்ள நிக்கணுமா?" இளஞ்செழியன் குறுக்கே வந்தார். "அந்தத் தெருவுலயா? நகராதடா. இது என் வீடு. இங்க என் சட்டம்தான்."

"சரிங்க. சட்டம் உங்களோடதாவே இருக்கட்டும். கொல்லையில அன்னக்கூட கெடக்கு. சட்டம் போட்டவரு போய்க் கழுவுங்க. நான் கழுவப் போறதில்ல. இன்னிக்கு மட்டுமில்ல, இனிமே என்னைக்கும்."

வருஷக்கணக்கில் அந்த வீட்டில் யார் கொட்டினாலும் கழுவியவள் அவள்.

வானதி வாசலுக்கு வந்து வண்டியைக் கிளப்பினாள். எதிர்வீட்டு ஜெயபாரதி கோலப்பொடி டப்பாவோடு நின்று வேடிக்கை பார்த்தாள். பார்க்கட்டும். மத்தியானத்துக்குள் வீடியோவையும் பார்த்துவிடுவாள்.

பின் சீட் காலியாக இருந்தது. அவள் திரும்பிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வருகிறவன் அவளுக்கு வேண்டாம்.

பாரிவேள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றான். உள்ளே சாம்பிராணி அணைந்துவிட்டது. கொல்லை நாற்றம் கூடத்தைத் தாண்டி அவனிடமே வந்துகொண்டிருந்தது. அவனுக்கும் அது குமட்டியது. அப்பாவைப் பார்த்தான். அம்மாவின் முதுகைப் பார்த்தான்.

ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தான். இன்னொரு செருப்பு இளஞ்செழியனின் காலடியில் கிடந்தது.